கடல் இல்லாத தாலாட்டுகள்

எம்.ஃபில். பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் மூன்றாம் இயலை மட்டும் நான் இரண்டு முறை எழுதினேன். முதலில் எழுதியது நன்றாக இருந்தது. படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டாவது எழுதியதில் அந்த அழகு இல்லை. நான் சமர்ப்பித்தது இரண்டாவதை. செய்தது சரிதானா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். சரி என்று தோன்றும் நாட்கள்தான் அதிகம்.

திருமணத்துக்கு முன்பு மதுரையில், பல்கலைக்கழகத்தில், எம்.ஏ. ஒப்பிலக்கியம் படித்தேன். என் ஊர் அபிராமத்துக்குப் பக்கம். மிளகாயும் பருத்தியும், மழை பெய்தால் நெல்லும் விளைகிற ஊர். அங்கிருந்து படிக்கப் போன பெண்கள் பெரும்பாலும் டீச்சர் டிரெயினிங் போனார்கள். நான் ஒப்பிலக்கியம் என்று சொன்னதும், எதை எதோடு ஒப்பிடுவீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். கல்யாணமாகி ராமநாதபுரம் வந்த பிறகு மாமியாரும் கேட்டார். ஒரு மொழியில் இருக்கும் கதையையும் பாட்டையும் இன்னொரு மொழியில் இருப்பதோடு வைத்துப் பார்ப்பது என்று விளக்கினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"மாமியாளையும் மருமகளையும் ஒப்பிடுறதப் பாடமா வச்சிருந்தாகன்னா நானே பாஸ் பண்ணிருவேன்" என்றார்.

எம்.ஃபில். சேர்ந்தபோது வயிற்றில் குழந்தை இல்லை. ஆய்வேடு எழுத வேண்டிய நேரத்தில் மகள் பிறந்தாள். ஒரு முறை கால நீட்டிப்பு கிடைத்தது. இன்னொரு முறை கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்டு கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். ரத்தானால் திரும்பவும் சேரலாம்தான். ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பு இருக்காது, வீட்டில் கேட்கவும் வாய் வராது என்று எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை பீரோவில் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு வைத்திருந்தேன். அட்டையை எடுக்கும்போதெல்லாம் கடிதமும் கையில் வரும்.

என் தலைப்பு தாலாட்டு. மலையாளக் கடற்கரையில் மீனவப் பெண்கள் பாடும் தாலாட்டுகள் ஒரு தொகுப்பாக அச்சில் வந்திருந்தன. துறையில் ஓராண்டு மலையாள வகுப்பு முடித்திருந்ததால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படிக்க முடிந்தது. பக்கத்துக்குப் பக்கம் கடல். தோணி, வலை, அலை, கரையில் காத்திருக்கும் பெண். அதோடு ஒப்பிட நம் கடற்கரைத் தாலாட்டுகள் வேண்டும். நூலகத்தில் தேடினேன். கிடைத்தவை எல்லாம் வயற்காட்டுப் பாட்டுகள்.

"கடல் உங்க வீட்டுப் பக்கத்துல இருக்கும்மா. நூலகத்துல என்னத்தத் தேடுறீங்க?" என்றார் என் நெறியாளர்.

கணவரோடு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவருடைய மனைவியின் தங்கை பாம்பனில் இருந்தாள். கருவாடு போடுகிற வேலை. விவரம் கேட்டுக்கொண்டு, டேப் ரெக்கார்டரை வயர்கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு, ஒரு ஜூன் மாதக் காலையில் பஸ் ஏறிப் போனேன். குழந்தையை மாமியாரிடம் விட்டிருந்தேன். அவளுக்கு அப்போது எட்டு மாதம்.

அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மூன்று பிள்ளைகள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அவளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் மணலில் வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும் டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினாள். டீச்சர் இல்லை, படிக்கிறேன் என்றேன். "இம்புட்டு வயசுலயுமா?" என்றாள். அவளை அக்கா என்று கூப்பிட்டேன்.

தாலாட்டு பாட வேண்டும் என்றதும் எல்லோரும் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

"பிள்ளை எங்க?" என்று கேட்டாள் அக்கா.

"எந்தப் பிள்ளை?"

"பாட்டு கேக்குற பிள்ளை."

வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்பது எங்கள் ஊரிலும் உண்டு. ஆட்டினால் வீட்டுக் குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்பார்கள். பிள்ளை இல்லாமல் தாலாட்டுப் பாடுவதும் அதே குற்றம்தான் இவர்களுக்கு. ஒருத்தி என் கூடையைக் காட்டி, அந்தப் பெட்டியைத் தொட்டிலில் போடுங்கள், தூங்குகிறதா பார்ப்போம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சரி, உங்கள் குழந்தைகளையே தூங்க வைக்கும்போது பதிவு செய்துகொள்கிறேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளைக்குப் பாடுகிற பாட்டைப் பெட்டிக்குள் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் பிள்ளையின் தூக்கமும் கூடவே போய்விடும் என்று வயதில் மூத்த ஒருத்தி சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"வீட்டுல கைப்பிள்ளை இருக்குல்ல டீச்சர்? ஜாக்கெட்டு நனைஞ்சிருக்கு. அதைத் தூக்கிட்டு வாங்க. உங்க பிள்ளை, உங்க பொட்டி. தூக்கம் போனா நீங்களாச்சு."

முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பஸ் வரும்வரை அந்த யோசனையை வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் ராமநாதபுரம் வந்து சேர்வதற்குள் சரி என்று முடிவு செய்திருந்தேன்.

வீட்டில் கணவர் மறுக்கவில்லை. மாமியார் இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை. தென்மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதம், ஊர்க் கண் எல்லாம் படும், ஏட்டில் எழுதுவதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைவாளா ஒருத்தி என்று கணவரிடம் சொல்வது சமையலறை வரைக்கும் கேட்டது. மாமியார் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. என் பட்டத்துக்காகக் குழந்தையைக் கருவியாகப் பயன்படுத்துகிறேன் என்பதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவரே குழந்தையின் காலில் கறுப்புக் கயிறு கட்டி, கன்னத்தில் பெரிதாக மை வைத்து, தலையில் துணி கட்டி என் கையில் கொடுத்தார். "வெயில் சாயுறதுக்குள்ள வந்திரணும்" என்றார்.

ஐந்து தடவை போனோம், நானும் மகளும். கருவாட்டுக் களத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் குறுக்குக் கம்பில் யாராவது ஒருத்தி தன் சேலையைக் கட்டித் தொட்டில் போடுவாள். மகளைப் படுக்க வைத்ததும் பாட்டு வந்துவிடாது. முதலில் விசாரிப்பார்கள். தலைப்பிள்ளையா? எந்த ஊரில் பிறந்தது? மாமன்மார் எத்தனை பேர்? என்ன தொழில்? எனக்கு இரண்டு அண்ணன்கள் என்பேன். விவசாயம், ஒரு ஜோடி செவலைக் காளை, மிளகாய் போட்டிருக்கிறார்கள், கண்மாயில் தண்ணீர் இருந்தால் நெல்லும் போடுவார்கள் என்பேன். வீட்டுக்கு வந்த பெண்ணிடம் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. நான் சந்தோஷமாகவே சொன்னேன். அவர்களும் ஆவலாகக் கேட்டார்கள். பெரிய அண்ணனுக்கு இன்னும் குழந்தை இல்லை என்பதுவரை சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பேச்சு ஓடும்போது ரெக்கார்டரை அணைத்தே வைத்திருப்பேன். கேசட் வீணாகக் கூடாது. பாட்டு தொடங்கியதும் பொத்தானை அழுத்துவேன், முடிந்ததும் நிறுத்துவேன். சிக்கனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

மகள் நன்றாகத் தூங்கினாள். வீட்டில் மாமியார் பாடினால் முக்கால் மணி நேரம் கண்ணை உருட்டிக்கொண்டு கிடப்பவள், அங்கே கருவாட்டு வாசத்திலும் காற்றிலும் நாலு வரியில் தூங்கிப்போனாள். அதுவும் எனக்குப் பயமாக இருந்தது. மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொள்வேன். அந்தப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டி, எத்தனை முறை தும்முகிறாள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒன்பது பெண்கள், பதினான்கு பாட்டு. மதியம் குழந்தை தூங்கும் நேரத்தில் கேசட்டைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதினேன். ஏழாவது பாட்டு எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. அதுவரை எழுதியதில் கடல் எங்கேயுமே இல்லை. பாம்பனில், அலைச் சத்தம் கேசட்டில் பின்னாலேயே கேட்டுக்கொண்டிருக்க, மீனவப் பெண்கள் வயலைப் பாடியிருந்தார்கள். அக்கா பாடிய ஒன்று இப்படி இருந்தது:

செவலைக் காளை ரெண்டும் சேர்ந்து வந்து நிக்குதடி
சின்னவ தூங்கணுன்னு மணி கழட்டி நிக்குதடி

மிச்சப் பாட்டுகளையும் எழுதி முடித்தேன். மடை திறந்த தண்ணீர், களத்தில் காயும் மிளகாய், நெல் மூட்டை. பதினான்கிலும் ஒரு வலை இல்லை, ஒரு வள்ளம் இல்லை. மலையாளத் தொகுப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அங்கே எல்லாம் கடல். இங்கே கடலே இல்லை. ஒப்பிடுகிறவர்கள் காத்திருப்பது இந்த மாதிரி ஒரு வேற்றுமைக்குத்தான்.

அதற்குக் காரணமும் எனக்கே தோன்றியது. இந்தக் கடல் ஆட்களைக் கொண்டுபோகிற கடல். புயலில் ஊரையே கொண்டுபோயிருக்கிறது. அதனால் இந்தத் தாய்மார்கள் தொட்டிலுக்குள் கடலை வரவிடுவதில்லை. பார்த்தே இராத வயலைப் பாடி, அதைக் கொண்டு பிள்ளையிடமிருந்து கடலை மறைக்கிறார்கள். மூன்றாம் இயலுக்கு 'கடலை மறைத்தல்' என்று பெயர் வைத்து முப்பத்தைந்து பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு எளிதாக எதையும் எழுதியதில்லை. பிள்ளை பெற்றவளாக இருப்பதால்தான் இது எனக்குப் புரிகிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நெறியாளர் அதை என் எதிரிலேயே படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். துறையில் புதன்கிழமை தோறும் நடக்கும் கருத்தரங்கில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடைசிப் பத்தியை வாசிக்கும்போது முன் வரிசையில் ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்தார். இதையே விரித்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம் என்று நெறியாளர் சொன்னார். மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் ஆராய்ச்சிக்காரி என்று முதல் தடவையாக நம்பினேன்.

ஆகஸ்டு பிறந்தபோது மீதி வேலை பின்னிணைப்பு மட்டும்தான். பாடியவர்களின் வயது, தொழில், பிள்ளைகள் எத்தனை என்ற பட்டியல் வேண்டும். நான் வயது கேட்காமல் விட்டிருந்தேன். அதைக் கேட்டு வர ஒருநாள் பாம்பன் போனேன். மகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது, உடம்பு லேசாகச் சுட்டது, அதனால் தனியாகப் போனேன். போய்ச் சேரும்போது உச்சி வெயில். களத்தில் யாரும் இல்லை. அக்காவின் வீட்டுக்குப் போனேன். உள்ளே பாடிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அதே ராகம். என் மகளுக்குப் பாடியதே. வார்த்தைகள் வேறு.

கச்சான் அடிச்சாலும் கரையேறி வந்திருவார்
கண்ணுறங்கு மாமன் வந்து கடல்வாசம் தந்திருவார்

மூன்று மாமன்கள் வந்தார்கள் அந்தப் பாட்டில். ஒருவர் சீலா மீனோடு, ஒருவர் சங்கோடு, ஒருவர் கிழிந்த வலையோடு. கடலைத் தவிர அதில் வேறு எதுவுமே இல்லை. தொட்டில் நின்ற பிறகு அக்கா வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் பிள்ளை எங்கே என்று கேட்டாள். எங்களுக்கு ஏன் இப்படிப் பாடவில்லை என்று நான் திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் கோபமாகக்கூடக் கேட்டிருப்பேன்.

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"உங்க பிள்ளைக்கு உங்க அண்ணன்மாரத்தான டீச்சர் பாடணும்? அவுக காட்டுல மம்பட்டி பிடிக்கிறவுக. அவுகள நான் கடலுக்கு அனுப்பலாமா? நாளப்பின்ன ஒண்ணு ஆச்சுன்னா என் வாய்தான்னு ஆகிப்போகாதா?"

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உங்கள் அண்ணன் தம்பி மூன்று பேரும் கடல் தொழிலா என்று கேட்டேன். பேச வேண்டும் என்பதற்காகக் கேட்டது.

"ரெண்டு பேரு. மூணாவது ஆளு போன வாடைக்காத்துல கடலோட போயிட்டான். பாட்டுல இருக்கட்டும்."

வயதுப் பட்டியலைக் கேட்காமலே திரும்பினேன்.

பாலத்தில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் கடல் கிடந்தது. யாருக்கும் தெரியாது என்பதுதான் முதலில் வந்த நினைப்பு. கேசட்டில் அவர்கள் கேட்ட கேள்வியும் இல்லை, நான் சொன்ன பதிலும் இல்லை. நான்தான் அணைத்து வைத்திருந்தேனே. பதினான்கு பாட்டும் பாம்பன் பெண்கள் பாடியவை, அதில் பொய் இல்லை. நான் எழுதியது ஒருவேளை வேறு விதத்தில் உண்மையாகவும் இருக்கலாம். என் அண்ணன்களைக் கடலுக்கு அனுப்பப் பயந்தாள் என்றால் அதுவும் கடல் பயம்தானே. உச்சிப்புளி வரும்வரை இப்படியே வாதாடிக்கொண்டு வந்தேன். ஆனால் கிழிந்த வலையோடு வருகிற அந்த மூன்றாவது மாமனை என்ன செய்வது? கடலை மறைக்கிறாள் என்று நான் எழுதிய பெண், கடலில் போனவனைக் கூப்பிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள். நான் முப்பத்தைந்து பக்கமும் அவளைப் பற்றி எழுதவில்லை. என்னைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

வீட்டில் மாமியாரிடம் சொன்னேன். கணவரிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொன்னது ஏன் என்று தெரியவில்லை.

"அவுகவுக பிள்ளைக்கு அவுகவுக மாமனத்தான பாடுவாக? நானும் உங்க அண்ணன்மாரத்தான பாடுறேன். இதத் தெரிஞ்சுக்கிறதுக்கா பாம்பனுக்கு நடையா நடந்த?"

அவர் பாடியதைத் தினமும் கேட்டிருக்கிறேன். நானும் பாடியிருக்கிறேன். அது வீட்டில் பாடுவது, ஆய்வுக்குரியது வெளியே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அச்சில் வந்த மலையாளப் பாட்டுகளைப் படித்துப் படித்து, பாட்டு என்றால் முன்பே எழுதி முடித்த ஒன்று, பெட்டியில் பிடித்துவிட்டால் போதும் என்று இருந்தேன். யாருக்குப் பாடுகிறார்களோ அவர்களைப் பார்த்துத்தான் அது உருவாகிறது என்பது படிப்பு முடிக்காத என் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் அந்த மலையாளத் தொகுப்பில் இருப்பவை எந்தப் பிள்ளைகளுக்குப் பாடியவை? யார் தொட்டிலில் கிடந்தார்கள்? அந்த நூலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இத்தனை மாதத்தில் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் மதுரைக்குப் போனேன். நெறியாளர் முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு அடிக்குறிப்பு போட்டுருங்கம்மா. பாடல்கள் ஆய்வாளரின் குழந்தைக்குப் பாடப்பட்டவைன்னு ஒரு வரி. போதும்."

"அந்த ஒரு வரியப் படிச்சா இயலே இல்லாமப் போயிருமேங்கய்யா."

அவர் காலண்டரைப் பார்த்தார். பதினாறு நாள் இருந்தது. நல்ல இயல் அது, எல்லோரும் பாராட்டினார்கள், தேதியைத் தள்ள என் கையில் ஒன்றும் இல்லை, சின்னக் குழந்தை வேறு வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாமே நான் முந்தின நாள் எனக்குச் சொல்லிக்கொண்டவை. வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோது அவை அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. தேதியைத் தள்ள வேண்டாம், எழுதிவிடுகிறேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நான் பெரியவர்களை மறுத்துப் பேசிப் பழகியவள் இல்லை. வெளியே வந்தேன். மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இந்தத் தடவை ரெக்கார்டர் இல்லை. கையால் எழுதிக்கொள்ளலாமா, அதில் பிள்ளைகளின் தூக்கம் போய்விடாதா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதுனா ஒண்ணும் செய்யாது. எழுத்துல ராகம் வராதுல்ல" என்றாள்.

பத்து நாள் தினமும் போனேன். அந்தப் பெண்கள் களத்து வேலை முடித்து மதியம் வந்து பிள்ளைகளைத் தூங்கப் போடும் நேரத்துக்குப் போய்ச் சேருவேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். வேகத்துக்கு எழுத வராது. விட்டுப்போன வரியைத் திருப்பிச் சொல்லக் கேட்டால் வேறு வரி வரும். முதல் நாள், விட்டுப்போன இடங்களை எனக்குத் தெரிந்த மாதிரி நிரப்பினேன். அன்றைக்கே பஸ்ஸில் உட்கார்ந்து அவற்றை அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு கேட்காததற்குப் புள்ளி வைத்தேன். பக்கமெல்லாம் புள்ளியாக இருந்தது. "டீச்சருக்குக் கோலம் போடத் தெரியும் போல" என்று எட்டிப் பார்த்த ஒருத்தி சொன்னாள்.

ஒவ்வொரு பாட்டின் கீழும் யாருடைய பிள்ளை, என்ன வயது, மாமன்கள் எத்தனை பேர், என்ன தொழில், இருக்கிறாரா இல்லையா என்று எழுதினேன். அந்த ஊரிலேயே ஒரு பெண்ணின் தம்பி ராமநாதபுரத்தில் தையல்கடை வைத்திருந்தான். அவள் பாட்டில் கடல் இல்லை. தையல் மிஷின் ஓடியது, மருமகனுக்குச் சட்டை தைத்தது. அதைக் கேட்டபோது, பழைய இயல் போனதில் எனக்கு மிச்சமிருந்த வருத்தமும் போய்விட்டது.

மகளுக்கு முதல் முறையாகப் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தது அந்த நாட்களில்தான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நான் திரும்பி வந்து எடுத்தபோது என்னிடம் குடிக்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். நோட்டை பீரோவுக்குள் வைத்தும் விட்டேன். காலையில் மாமியார் அதை எடுத்து என் கூடையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வேளைதான முறைச்சுக்கிட்டா. விடிய வந்து குடிச்சாளா இல்லையா? நீ போயிட்டு வா. இங்கன நான் இருக்கேன்ல" என்றார்.

கடைசி நாலு நாளில் இயலை எழுதினேன். பத்தொன்பது பக்கம்தான் வந்தது. கடற்கரைத் தாலாட்டில் கடல் வருவதும் வராததும் கரையைப் பொறுத்தது அல்ல, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் மாமனைப் பொறுத்தது என்று எழுதினேன். மலையாளத் தொகுப்பில் அந்த விவரம் இல்லாததால் ஒப்பீட்டை இதற்கு மேல் கொண்டுபோக முடியாது என்றும் எழுதினேன். ஒப்பிலக்கிய ஆய்வேட்டில் ஒப்பிட முடியாது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று முறை அடித்துத் திரும்ப எழுதினேன். முதலில் பதிவு செய்த பதினான்கு பாட்டுகளையும் பின்னிணைப்பில் சேர்த்து, 'ஆய்வாளரின் மகளுக்குப் பாடியவை' என்று தலைப்பு கொடுத்தேன். டைப் செய்தவர் அந்தத் தலைப்பைப் பார்த்து, வீட்டு விஷயத்தை இதிலே போடலாமா மேடம் என்று கேட்டார். போடுங்கள் என்றேன். கெடு முடிவதற்கு முந்தின நாள் நாலு பிரதிகளையும் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் நல்ல வயதானவர். இரண்டாம் இயலைப் பற்றி ஒன்றிரண்டு கேள்வி கேட்டுவிட்டு நேராகப் பின்னிணைப்புக்கு வந்தார். மதுரை கருத்தரங்கில் நான் வாசித்ததைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். அந்தக் கருத்து எங்கே போனது என்று கேட்டார்.

"தப்புங்கய்யா. அதான் எடுத்துட்டேன்."

தப்பு என்று எப்படித் தெரியும் என்றார். சொன்னேன். ரெக்கார்டரை அணைத்து வைத்ததிலிருந்து தொடங்கி, வாசலில் நின்று கேட்டதுவரை சொன்னேன். அறையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் சிரிக்கவும் செய்தார். நான் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். நெறியாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் ஒரு நல்ல இயலை இழக்க வைத்தது எனக்குத் தெரியும். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

பட்டம் கிடைத்தது. முதல் வகுப்பு கிடைக்கவில்லை. தேர்வாளர் அறிக்கையின் நகல் சில வாரம் கழித்துத் தபாலில் வந்தது. மூன்றாம் இயலில் தரவுகள் போதவில்லை, பாடல்களில் பல இடங்கள் விடுபட்டுள்ளன என்று அதில் இருந்தது. உண்மைதான். பத்து நாளில் பதினோரு பாட்டுதான் கிடைத்தது, அதிலும் பாதி புள்ளி. முனைவர் பட்டப் பதிவைப் பற்றி நெறியாளர் அதன் பிறகு பேசவில்லை. நானும் உடனே கேட்கவில்லை.

கணவர் அறிக்கையைப் படித்துவிட்டு, பழையதையே கொடுத்திருக்கலாமோ என்றார். குத்திக்காட்டும் எண்ணத்தில் சொல்லவில்லை. நான் எதை இழந்தேன் என்று அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து அந்தத் தபால் உறையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதை அவள் வாயிலிருந்து எடுத்தேன். விடுபட்ட இடங்களை நிரப்ப எத்தனை மதியம் ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் போனால், அடுத்த கச்சான் தொடங்குவதற்குள் முடிக்கலாம். சனிக்கிழமை பாம்பன் போகிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.